திருச்சியிலிருந்து பலாலிக்கு

மண்டபம்

அன்பு மச்சான்,

உங்கள் வீட்டுக் கல்யாணச் செய்தி கிடைத்தது. அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "அகதி முகாமில் பாவாடை சட்டையோடு ஓடித் திரிந்த பிள்ளைக்கா கல்யாணம்?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் கட்டாயம் வருகிறேன். திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு 2025 மார்ச் கடைசியில் தொடங்கிய விமானத்தில்தான் வரப்போகிறேன். நேற்று ராத்திரி பிள்ளையின் அட்லஸை விரித்து, ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீட்டர். அப்புறம் மண்டபத்திலிருந்து ஸ்கேலை வைத்தேன். 115 கிலோமீட்டர்தான் வருகிறது! உன்னிடம் வருவதற்காக முதலில் வேறு திசையில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கிறது. மனசு கேட்கவில்லை, மச்சான்.

டிக்கெட்டில் பயண நேரம் ஒரு மணி என்று போட்டிருக்கிறது. ஏடிஆர் விமானம், இரண்டு பக்கமும் காற்றாடி வைத்தது. அது மணிக்கு 500 கிலோமீட்டர் வரை போகும். அந்தக் கணக்கில் 185 கிலோமீட்டருக்கு அரை மணிகூட ஆகக் கூடாது. விசாரித்தபோதுதான் விளங்கியது. டிக்கெட்டில் போடுவது, விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வது முதல் அந்தப் பக்கம் போய் நிற்பது வரைக்குமான நேரமாம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் ஊருக்கு ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்க ஆரம்பித்துவிடும். கடலுக்கு மேல் பறப்பது கால் மணி நேரம்தான் இருக்கும்.

ஆனால் எனக்கு அது ஒரு நாள் பயணம். ரயிலில் காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்கு ஐந்து மணி நேரம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விட வேண்டும். நல்லவேளை, உங்கள் கடிகாரமும் எங்கள் கடிகாரமும் ஒரே நேரம்தான் காட்டும்.

தாத்தா காலத்தில் தனுஷ்கோடியில் ரயிலைவிட்டு இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார். நடுவே முப்பது கிலோமீட்டர் தண்ணீர்தான். 1964 புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து போன கப்பலும் எண்பதுகளில் நின்றுபோனது. 1990இல் அதே தண்ணீரை நீ ராத்திரியில் படகில் கடந்து வந்தாய். முதல் நாள் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தபோது உன் சட்டையில் உப்புப் பூத்திருந்தது. அது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

அம்மா உனக்காக முண்டு மிளகாய் காயவைத்திருக்கிறார். குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்கிறது. முழுசாகக் கொண்டுவர விடுவார்களோ என்னவோ, வறுத்து இடித்தே எடுத்து வருகிறேன். உன் அம்மாவுக்கு அந்தக் காரம் மறந்திருக்காது.

டிக்கெட் போடும்போது வலது பக்க ஜன்னல் கேட்டிருக்கிறேன். தென்கிழக்கே பறக்கும்போது நம் கரை அந்தப் பக்கம்தான் வரும். சேதுபாவாசத்திரம் பக்கம் கரையைத் தாண்டும்போது மண்டபம் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். மூடுபனி இல்லாவிட்டால் பாம்பன் தெரிகிறதா பார்த்து வந்து சொல்கிறேன்.

உன்,
மண்டபத்து நண்பன்