கூடையைப் பற்றியும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்கான (ஹோர்மோன் சுரக்கும் செல்களில் வரும் கட்டிகள்) சிகிச்சை பற்றி எழுதியிருந்தீர்கள். ஸ்கேன், ஊசி, கட்டி சுருங்குவது எல்லாம் வந்தது. நோயாளி என்ன சொல்கிறார் என்பது மட்டும் வரவில்லை.

எங்கள் அம்மாவுக்குச் சிறுகுடலில் இந்தக் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். கட்டி சுரக்கும் செரட்டோனின் போன்றவற்றால் நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை வயிற்றோட்டம், திடீரென்று முகமும் கழுத்தும் தீயாய்க் காயும். மலையில் கக்கூஸ் ஏது? அதனால் வெறும் வயிற்றோடு போவார், பத்து மணித் தேத்தண்ணியைக்கூடத் தொடமாட்டார், அப்படியும் கூடையை இறக்கி வைத்துவிட்டு மானாப்புல்லுக்குள் ஓடவேண்டியிருக்கும், நிறுவைக்கு வந்தால் கிலோ குறைந்து அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். கிளினிக்கிலோ ஸ்கேனைப் பார்த்து "வித்தியாசம் இல்லை, நல்லது" என்று அனுப்பிவிடுகிறார்கள். எத்தனை தடவை போகிறீர்கள் என்று இன்றுவரை ஒருவர் கேட்டதில்லை. அம்மாவாகவும் சொல்லமாட்டார். பேசுவது சிங்களத்தில், முதுகுக்குப் பின்னால் வரிசை, இதைச் சத்தமாகச் சொல்லக் கூச்சம்.

நெட்டர்-1 என்ற ஆய்வைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு வயிறெரிந்தது. இதே வகைக் குடல் கட்டி உள்ள இருநூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான ஒக்ட்ரியோடைட் ஊசியோடு லுட்டீசியம் கதிர்மருந்து, மற்றவர்களுக்கு அந்த ஊசி மட்டும் இரட்டை அளவில். 12 வாரத்துக்கு ஒரு முறை நோயாளிகளிடமே கேள்வித்தாள் கொடுத்தார்கள். பொதுவான உடல்நிலையும் வாழ்க்கையும் மோசமாகிவிட்டதாக அவர்கள் சொல்ல, லுட்டீசியம் குழுவில் 28.8 மாதம் ஆனது, மற்றக் குழுவில் 6.1 மாதம்தான். 2018இல் வெளியான முடிவு இது. எந்த ஸ்கேனிலும் இந்தக் கணக்கு தெரியாது, வாய்திறந்து கேட்டதால் கிடைத்தது.

ஆனால் கேள்வியும் நம் ஆட்களுக்குப் புரிய வேண்டுமே. அந்த 30 கேள்விப் படிவத்தில் முதல் கேள்வியே, கனமான கடைப் பையோ சூட்கேசோ தூக்குவது போன்ற வேலை சிரமமா என்பதுதான். அம்மாவிடம் கேட்டேன். "நான் எங்க சூட்கேஸ் தூக்கினேன், சிரமமில்ல" என்றார். சரி, கொழுந்துக் கூடையோடு மேட்டில் ஏறுவது எப்படி என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இப்ப ரெண்டு எடத்துல உக்காந்துதான் ஏறுறேன்" என்றார்.

படிவத்தை இஷ்டத்துக்கு மாற்றினால் மற்ற நாடுகளோடு ஒப்பிட முடியாது, அது தெரியும். இங்கே ஆய்வு செய்கிறவர்கள் அதோடு கூடை, மேடு, கக்கூஸ், பேர் பற்றி நாலு கேள்வி சேர்த்துக் கேட்கலாமே! கிளினிக்குகளிலும் டொக்டரைப் பார்க்குமுன் தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் தனியாக உட்கார்ந்து கேட்டு எழுதட்டும், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.

இந்த மாதம் முழுக்க எத்தனை தடவை போனார் என்று கலண்டரில் நாளுக்கு நாள் கோடு போட்டு வைத்திருக்கிறோம். அடுத்த கிளினிக்குக்கு ஸ்கேனோடு அதையும் கொண்டுபோகிறோம், தயவுசெய்து அதையும் வாங்கிப் பாருங்கள்.

ஒரு வாசகி,
மஸ்கெலியா