சூடான எஞ்சினில் அந்தச் சத்தம் கேட்காது: மோட்டார் சைக்கிள் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கும், தருமபுரியில் உள்ள தங்கள் விற்பனை நிலையத்தின் சர்வீஸ் மேலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

என் வண்டியை ஐந்து முறை சர்வீஸுக்கு விட்டபோது குறைகளைக் குறித்து எழுதிய ஐந்து ஜாப் கார்டுகளும் தங்களிடமே இருப்பதால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினின் தலைப்பகுதியிலிருந்து எழும் 'டக் டக்' சத்தம், இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடிய பிறகு மெல்ல அடங்கிவிடுகிறது என்பதை ஐந்து கார்டுகளிலும் என் வாயால் சொல்லி எழுத வைத்திருக்கிறேன். ஐந்திலும் தங்கள் பணியாளர் எழுதிய முடிவு ஒன்றே: 'சத்தம் இல்லை, நார்மல்.' கடந்த சனிக்கிழமை தங்கள் சர்வீஸ் வளாகத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு, இதை இனி நேரில் பேசிப் பயனில்லை என்று எண்ணியே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் பென்னாகரத்தில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியர். அங்கிருந்து தருமபுரி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வந்து தங்கள் வாசலில் நிறுத்தும்போது எஞ்சின் கைவைக்க முடியாத சூட்டில் இருக்கும். சூடான எஞ்சினை முறுக்கிப் பார்த்துவிட்டு, "எங்க சார், ஒண்ணுமே கேக்கலையே" என்று சர்வீஸ் அட்வைசர் சொல்வது அவரளவில் உண்மைதான். அப்போது எனக்கும் கேட்பதில்லை. காலையில் மட்டும் கேட்கும் சத்தத்தைக் காலையில்தானே கேட்க வேண்டும்? வண்டியை ஓர் இரவு வைத்துக்கொள்ளுங்கள் என்று மூன்றாம் முறையிலிருந்தே கேட்டு வருகிறேன். இரவில் வைக்க இடமில்லை, பொறுப்பேற்க முடியாது என்பதே பதில்.

ஆகவே கடந்த வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வண்டியைத் தருமபுரிக்கு ஓட்டி வந்து, நகருக்குள் இருக்கும் என் மச்சான் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அங்கேயே தங்கினேன். மறுநாள் காலை சாவியைத் தொடாமல், நியூட்ரலில் போட்டு, இரண்டு கிலோமீட்டர் தூரம் கையால் தள்ளிக்கொண்டே வந்தேன். வழியில் இரண்டு பேர், பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று இரக்கத்தோடு கேட்டார்கள். எட்டே முக்காலுக்குத் தங்கள் வாசலில் முதல் ஆளாக நின்றேன். எஞ்சின் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. அட்வைசர் இன்னும் வரவில்லை, டோக்கன் போடுங்கள் என்றார்கள். நான் உள்ளே போய் டோக்கன் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள், வாசலில் நின்ற தம்பி வண்டியை ஸ்டார்ட் செய்து வாட்டர் வாஷுக்கு ஓட்டிப் போய்விட்டார். உள்ளே நின்றிருந்த என் காதில் அந்த 'டக் டக்' தெளிவாக விழுந்தது. ஓடினேன். அதற்குள் வண்டி ஷெட்டுக்குள் போய், எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது. கழுவி முடித்துப் பத்தரை மணிக்கு அட்வைசர் கையில் எடுத்தபோது சத்தம் இல்லை. ஐந்தாவது முறையாக 'நார்மல்' என்று எழுதினார்.

அந்தத் தம்பி மீது எனக்கு வருத்தமில்லை. வருகிற வண்டிகளை வரிசையாகக் கழுவிவிடச் சொல்லியிருக்கிறார்கள், அவர் தம் வேலையைச் செய்தார். சத்தத்துக்காக வந்த வண்டியை முதலில் கேட்க வேண்டும், பிறகு கழுவ வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதே என் குறை.

டேப்பட் இடைவெளி, அதாவது எஞ்சின் வால்வுக்கும் அதை அழுத்தும் பகுதிக்கும் நடுவே விடும் இடைவெளி, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவிலான நுட்பமான காரியம் என்பதும், உலோகம் சூட்டில் விரிந்து அளவு மாறிவிடும் என்பதால் எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகே ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டை வைத்து அதை அளக்க வேண்டும் என்பதும் தங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியவை அல்ல. காலையில் மட்டும் வரும் சத்தத்துக்கு டேப்பட் காரணமாக இருக்கலாம், டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கலாம், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையில் தேய்மானம் இருக்கலாம். எது என்று அளந்து சொல்வதற்குத்தானே சர்வீஸ் நிலையம்? இதுவரை அளந்ததாக ஒரு எண்கூட எந்த ஜாப் கார்டிலும் இல்லை.

அளக்காமல் செய்த வைத்தியத்தின் பலனை நான் அனுபவித்திருக்கிறேன். இரண்டாம் முறை, கையேட்டில் 10டபிள்யூ30 வகை எஞ்சின் ஆயில் என்று தெளிவாக அச்சிட்டிருக்க, அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ50 ஆயிலை ஊற்றி அனுப்பினார்கள். ஒரு வாரம் சத்தம் அமுங்கியிருந்தது, பிறகு திரும்பிவிட்டது. மூன்றாம் முறை டேப்பட்டை இறுக்கினார்கள். சத்தம் நின்றது, கூடவே வண்டியின் இழுவையும் நின்றது. இடைவெளி தேவைக்குக் குறைந்தால் வால்வு முழுதாக மூடாது, சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் (கம்ப்ரஷன்) கசியும், அப்படியே ஓட்டினால் வால்வு கருகும். என் பள்ளி ஒகேனக்கல் சாலையில், காட்டை ஒட்டி இருக்கிறது. அந்த வாரத்தில் ஒரு மாலை, திரும்பி வரும் வழியில் மேட்டு வளைவு ஒன்றில் வண்டி நின்றுபோய் அரை மணி நேரம் உதைத்துக்கொண்டிருந்தேன். யானை நடமாட்டம் உள்ள பகுதி என்ற எச்சரிக்கைப் பலகை பத்தடி தூரத்தில் இருந்தது. இருட்டத் தொடங்கிய பிறகு வந்த பால் வண்டிக்காரர் ஒருவர்தான் விளக்கை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, வண்டி கிளம்பும்வரை உடன் நின்றார். நான்காம் முறை வந்து முறையிட்டபோது இறுக்கியதைத் தளர்த்திவிட்டு, சத்தம் இந்த மாடலுக்கு இயல்பானது என்றார்கள். இயல்பானது என்றால் மூன்றாம் முறை எதற்காக இறுக்கினார்கள்?

நான் கேட்பது புது வண்டியோ, இழப்பீடோ அல்ல. வண்டியை ஓர் இரவு தங்கள் இடத்தில் நிறுத்தி, காலையில் என் முன்னிலையில் முதல் ஸ்டார்ட் செய்து கேட்டு, டேப்பட் அளவையும் டென்ஷனரின் நிலையையும் பார்த்து, கண்டதை ஜாப் கார்டில் எண்ணால் எழுதித் தாருங்கள்.

சர்வீஸ் முடிந்த மறுநாள், சேவைக்கு மதிப்பெண் கேட்டுத் தவறாமல் ஓர் அழைப்பு வருகிறது. "சார், பத்துக்குப் பத்து குடுத்துடுங்க, இல்லன்னா எங்களுக்குப் பிரச்சினை" என்று அழைக்கும் பெண் கெஞ்சுகிறார். சம்பளத்துக்கு வேலை செய்யும் பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போட மனமில்லாமல் முதல் நான்கு முறையும் பத்து கொடுத்தேன். தலைமையகத்தில் என் பெயருக்கு நேராகத் திருப்தியான வாடிக்கையாளர் என்று பதிவாகியிருக்கும். அந்த எண்களை வைத்துத் தாங்கள் எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பில்லில் பாலிஷுக்கும் செயின் ஸ்பிரேக்கும் தனித்தனியாக வரி எழுத முடிகிறவர்களுக்கு, எஞ்சின் குறைக்கு ஒரு வரி எழுத முடியவில்லை என்பது நியாயமா?

ஏரியூரிலிருந்தும் பாப்பாரப்பட்டியிலிருந்தும் தங்களிடம் வருகிறவர்களில் தினக்கூலிக்காரர்கள் அதிகம். எனக்கு விடுப்பு போகிறது, அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகிறது. 2004 வரை எங்கள் மாவட்டத்தோடு இருந்த ஓசூரில் பல பத்தாண்டுகளாக இருசக்கர வாகனங்கள் உருவாகின்றன. என் வண்டி அங்கே செய்யப்பட்டதன்று, அந்தத் தொழிற்சாலைகளுக்கும் இந்தக் குறைக்கும் தொடர்பில்லை. ஆனால் அங்கே வேலை பார்த்த உறவினர் இல்லாத வீடு எங்கள் பக்கம் குறைவு. எஞ்சின் சத்தத்தில் எது நல்லது, எது கெட்டது என்று தெரியாதவர்களிடம் பேசுகிறோம் என்று தங்கள் பணியாளர்கள் எண்ண வேண்டாம்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம் என்பதையும், 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் அறிவேன். மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆணையத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது, குறையை யார் அளந்தார்கள் என்பதுதான். அந்த அளவைத்தான் தங்களிடம் கேட்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து விடுகிறேன். இரவு நிறுத்துவதற்கு எழுத்தில் ஒப்புதல் தேவையென்றால் தருகிறேன். சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் வந்து சேரும்வரை யாரும் ஸ்டார்ட் செய்யவோ கழுவவோ வேண்டாம் என்று சாவியோடு ஒரு சீட்டு கட்டி வைக்குமாறும், அளக்கத் தெரிந்த மூத்த மெக்கானிக் ஒருவரை அந்த நேரத்தில் இருக்கச் செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இது இயலுமா என்பதை வியாழக்கிழமைக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளரான பள்ளி ஆசிரியர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.