தொழில்நுட்பத் தாளோடு ஒரு வாத்தியமும் வேண்டும்

ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். வகுப்பறைத் தொழில்நுட்பம் என்ற தாளில் பயிற்சி ஆசிரியர்கள் ஸ்லைடு செய்கிறார்கள், வினாடி வினா செயலியை ஓட்டிக் காட்டுகிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள். ஸ்லைடு கால் நொடி தாமதமாக வந்தால் யாருக்கும் உறைக்காது. வாத்தியத்தில் உடனே உறைக்கும். ஆகவே அந்தத் தாளோடு சேர்த்து ஒரு பருவம் வாத்தியமும் கற்க வையுங்கள். சின்ன கிட்டார் போன்ற யுகுலேலே போதும், நாலே தந்தி.

சுருதி சேர்க்கும்போதே பாடம் தொடங்கிவிடும். மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் தந்திகள் ஜி, சி, ஈ, ஏ. இதில் ‘ஏ’ 440 ஹெர்ட்ஸ். சுருதி பார்க்கும் டியூனர் செயலிகள் பல எழுத்தை மட்டும் காட்டும், ஸ்தாயியைச் சொல்லாது. ‘ஏ’ தந்தி ரொம்பத் தளர்ந்து கீழ் ஸ்தாயியின் ‘பி’யில் நின்றால் திரையில் ‘பி’ என்று வரும். ‘பி’ என்பது ‘ஏ’வுக்கு அடுத்த மேல் ஸ்வரம் என்பதால், ஏறிவிட்டது போல என்று நினைத்துப் புதியவர் இன்னும் தளர்த்துவார். கீழ் ஸ்தாயி ‘ஏ’வான 220 ஹெர்ட்ஸில் பச்சை விளக்கு எரியும், தந்தியோ துணிக்கொடி மாதிரித் தொங்கும். செயலி சரி என்கிறது, விரல் தப்பு என்கிறது. எதை நம்புவது என்று அந்த இடத்தில் யோசிக்கப் பழகியவர், தானாகத் திருத்தும் மென்பொருள் தரும் மதிப்பெண்ணையும் ஒருமுறை சந்தேகித்துப் பார்ப்பார்.

ஒரே அறையில் இருபது பேர் முறுக்கினால் செயலியின் மைக் பக்கத்து வாத்தியத்தையும் கேட்டுக் குழம்பும். தலைப்பகுதியைக் கவ்வும் கிளிப் டியூனர் மரத்தின் அதிர்வையே எடுப்பதால் பெரும்பாலும் தப்பிக்கும். புது நைலான் தந்தி சில நாள் இழுபட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். அது வாத்தியத்தின் கோளாறு அல்ல.

அடுத்தது ப்ளூடூத். பாட்டுக் கேட்க மட்டும் என்றால் குறையில்லை. டேப்லெட்டின் கீபோர்டு செயலியை ப்ளூடூத் ஸ்பீக்கரில் இணைத்து வாசித்தால், தொட்டபின் 150 முதல் 250 மில்லி நொடி கழித்துத்தான் ஒலி வரும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டு 500 மில்லி நொடி. அரைத் தட்டு வரை போய்விடுகிறது. பிள்ளைக்குத் தாளம் வரவில்லை என்று பழி விழும். டேப்லெட்டையும் ஸ்பீக்கரையும் நேரே இணைக்கும் ஆக்ஸ் வயர் போட்டால் இந்தத் தாமதம் போய்விடும்.

காணொளி வகுப்பில் வேறு வில்லங்கம். இரைச்சல் நீக்கும் வசதி, நீண்டொலிக்கும் ஸ்வரத்தை மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி விழுங்கிவிடும். அமைப்புகளில் அசல் ஒலியைத் தெரிவு செய்ய வேண்டும். அதில் எதிரொலி நீக்கமும் அணைந்துபோகலாம் என்பதால் ஹெட்போன் கட்டாயம். இணையத் தாமதத்தால் எல்லாரும் சேர்ந்து வாசிப்பது அங்கே நடக்காது: ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கூடவே வாசிக்கலாம்.

தேர்வில் ஸ்லைடுக்குப் பதில் இரண்டு நிமிட வாத்தியப் பாடத்தைப் பதிவு செய்து தரச் சொல்லுங்கள். கைபேசி வாத்தியத்திலிருந்து இரண்டடி தள்ளி இருக்கட்டும். வாசிப்பவர் சாய்ந்திருக்கும் மேசைமேல் வைத்தால் ஒவ்வொரு தட்டும் இடியாக விழும். கூடவே ஒரு பக்கம்: எந்தக் கருவி எங்கே காலை வாரியது, ஏன்.

இதற்குத் தேவை வாரம் இரண்டு மணி நேரம், இருவருக்கு ஒரு யுகுலேலே, ஐவருக்கு ஒரு கிளிப் டியூனர், நீளமான ஆக்ஸ் வயர் ஒன்று. மாற்றுத் தந்தியை மறக்க வேண்டாம். முதல் வாரத்திலேயே அறுந்தாலும் அறும்.

இப்படிக்கு,
பயிற்சி ஆசிரியர்களுக்கு இசையும் கணினியும் கற்பிப்போர்