நமது நகர் குடியிருப்போர் நலச்சங்கம், கடலூர்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றினோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. ஃபெஞ்சல் புயலை அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது தாழ்வான தெருக்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தோம்.

அடுத்து ஆமை விஷயம். குடியிருப்போர் சங்கத்துக்கு இது எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை என்ற கடலாமைகள் நம் கரையேறி முட்டையிடுகின்றன. ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டை. 45 முதல் 60 நாளில் பொரித்து, பெரும்பாலும் இரவில்தான் குஞ்சுகள் மேலே வரும். இருட்டான கரையில் கடல் பக்கம்தான் வெளுப்பாகத் தெரியும். அதைப் பார்த்தே தண்ணீரில் இறங்கும். நம் தெருக்கோடியில் சங்கம் போட்ட ஃபோகஸ் லைட் அதைவிடப் பளிச்சென்று எரிந்தது. மார்ச் மாதம் ஒரு விடியற்காலையில் அந்தக் கம்பத்தடியில் குஞ்சுகள் கிடந்தன. பாதி உள்ளங்கைதான் இருக்கும். சில, காம்பவுண்டு சுவரை ஒட்டியே துடுப்பை அடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போயின. சிலவற்றின் கண்ணில் எறும்பு மொய்த்திருந்தது. தார் ரோட்டில் ஒன்று நசுங்கிக் கிடந்தது. உயிரோடு இருந்தவற்றை வனத்துறை ஊழியர் வந்து கடலில் விட்டார்.

அன்றைக்கே முடிவெடுத்தேன். அந்த விளக்குக்குத் தகர மூடி போட்டு, வெளிச்சம் கீழே மட்டும் விழும்படி செய்தோம். குஞ்சு பொரிக்கும் காலம் முடியும்வரை இரவு ஒன்பதுக்கு மேல் அணைத்தோம். திருட்டு நடக்கும் என்றார்கள். உள்தெரு விளக்குகள் எல்லாம் எரிந்தன, ஒரு புகாரும் வரவில்லை.

புதுச்சேரியைப் பாருங்கள். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்குக் கடலில் கல்சுவர் நீட்டினார்கள். தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தடுக்கப்பட்டு, வடக்கே கரை அரித்துப்போய்க் கருங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. கருங்கல்லில் ஆமை எங்கே குழி தோண்டும்? சுனாமிக்குப் பிறகு பல ஊர்களில் அலைக்குப் பக்கத்திலேயே சவுக்கு நட்டதில் முட்டையிடும் இடம் இன்னும் குறுகியது. கடலிலும் நிம்மதி இல்லை. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய உயிர் அது, இழுவலையில் மாட்டினால் மூச்சுமுட்டிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. நமக்கு இன்னும் மணல் இருக்கிறது.

வனத்துறையோடு இரவு ரோந்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் அனேகம் பேர். வந்தவர்கள் மீனவர் குப்பத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும்தான். மற்றவர்களுக்கு அன்றைக்கே ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாதிக்கு மேல் நிலுவை, கையிருப்பு சொற்பம். மூடிக்கு ஆன செலவை நானும் இரண்டு நண்பர்களும் போட்டுக்கொண்டோம், திருப்பிக் கேட்கவில்லை.

வனத்துறைக்கும், மீனவ நண்பர்களுக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்றாலும் சந்தோஷமே. சுவிட்ச் பெட்டிச் சாவியை மட்டும் ஜனவரிக்கு முன் வாங்கிக்கொள்ளுங்கள். கடலைப் பார்த்த கம்பங்கள் இன்னும் இரண்டு பாக்கி. நிலுவை சந்தா டிசம்பருக்குள் வந்தால் அவற்றுக்கும் மூடி போட்டுவிடலாம். ரசீது புத்தகம் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்