ஊர்வலக் காருக்குக் காற்று வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வைகாசி முகூர்த்தம் வந்தால் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குப் பழைய அம்பாசிடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டிகளுக்குக் கிராக்கி. நாகஸ்வரத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் அரை மணி நேரம் ஊர்ந்தால் போதும், பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பிவிடுகிறது. மறுநாள் காலை வண்டி ரேடியேட்டர் கடையில் நிற்கும். கோர் (ரேடியேட்டரின் நடுவில் காற்று புகுந்து போகும் குழாய்த் தொகுதி) மாற்றிப் பல ஆயிரம் செலவழித்த பிறகும் அடுத்த முகூர்த்தத்தில் அதே ஆவி. எந்த வேகத்தில் வண்டி சூடாகிறது என்று முதலிலேயே பார்த்திருந்தால் அந்தப் பணம் மிச்சமாகியிருக்கும்.

நெடுஞ்சாலையில் 70 கி.மீ. வேகத்தில் சூடு காட்டும் முள் ஏறினால் ரேடியேட்டர் குழாயில் அடைப்பு, தேய்ந்த வாட்டர் பம்ப், உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ் என்று தண்ணீர் ஓட்டத்தில் தேடலாம். நெடுஞ்சாலையில் முள் அசையாமல் நின்று, வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலிலோ காட்பாடி ரயில்வே மேம்பாலத்திலோ மட்டும் ஏறினால் பெரும்பாலும் காற்றுதான் போதவில்லை. வேகமாக ஓடும் வண்டிக்குள் காற்று தானே புகுந்துவிடும். நிற்கும் வண்டிக்கு ஃபேனை விட்டால் கதியில்லை. அதுவும் எஞ்சினோடு பெல்ட்டில் கட்டியது, ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது) சோம்பலாகச் சுற்றும்.

இதில் ஊர் வெயிலுக்கும் பங்குண்டு. அம்பாசிடரின் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அந்த நாட்டின் 20 டிகிரி காற்றுக்கும் ரேடியேட்டரின் 95 டிகிரி தண்ணீருக்கும் இடையே 75 டிகிரி வித்தியாசம் இருக்கிறது. நம் கத்திரி வெயிலில் காற்றே 40 டிகிரி, மிஞ்சுவது 55. அதே ரேடியேட்டர், அதே ஃபேன், ஆனால் வெளியேறும் சூடு கால் பங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டரைச் சுற்றியுள்ள சந்து. ரேடியேட்டருக்கும் பாடித் தகட்டுக்கும் நடுவே இருந்த ரப்பரும் ஃபெல்ட்டும் பல வண்டிகளில் எப்போதோ உதிர்ந்துபோயின. வண்டி நிற்கும்போது ஃபேன் பின்னால் தள்ளிய சூடான காற்று அந்தச் சந்து வழியே முன்னால் வந்து மறுபடியும் கோருக்குள் போகிறது. காற்றில்லாத இடத்தில் வண்டியை ஐட்லிங்கில் விட்டு, பற்றவைத்த ஊதுபத்தியை ரேடியேட்டரின் முன்பக்க ஓரம் முழுக்க மெல்ல நகர்த்திப் பாருங்கள். புகை கோருக்குள் இழுபட்டால் சரி. எந்த இடத்தில் புகை உங்கள் பக்கம் தள்ளப்படுகிறதோ அங்கே ஓட்டை. ஓர் அங்குல ஃபோம் பட்டையோ ரப்பர் பீடிங்கோ வைத்து அடைத்தால் போதும். இவ்வளவு மலிவான வேலையைப் பெரும்பாலோர் செய்வதே இல்லை.

அடுத்தது ஃபேனைச் சுற்றிய கூடு, அதாவது ஷ்ரவுடு. கூடு இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள கோரிலிருந்து மட்டும்தான் காற்றை இழுக்கும். நாலு மூலையும் வீண். இறக்கை நுனியில் காற்று வழுக்கி முன்னாலேயே திரும்பிவிடுவதும் உண்டு. தகடு வேலை செய்யும் நல்ல டின்கர் ஒருவர் 20 கேஜ் தகட்டில் ஒரே நாளில் கூடு செய்து தருவார். கோர் முழுவதையும் மூட வேண்டும், கோருக்கும் கூட்டின் முதுகுக்கும் இடையே இரண்டு அங்குலமாவது ஆழம் வேண்டும். தகட்டைக் கோரோடு ஒட்டினாற்போல் அடித்துவிட்டால் மூலைகளிலிருந்து காற்று வர வழியிருக்காது. இறக்கை நுனிக்கும் வளையத்துக்கும் இடைவெளி ஐந்து நூல் (எட்டு நூல் ஓர் அங்குலம்) இருக்கட்டும். அதைவிட நெருக்கினால், ரப்பர் மவுன்டிங்கில் எஞ்சின் ஆடும்போது இறக்கை தகட்டில் உரசும். இறக்கையின் அகலத்தில் பாதி வளையத்துக்குள்ளும் பாதி வெளியிலும் நிற்பது சரியான இடம்.

ஃபேன் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இறக்கையின் குழிந்த பக்கம் எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். வாட்டர் பம்ப் மாற்றும்போது இது அடிக்கடி தலைகீழாகிவிடுகிறது. காற்று வரத்தான் செய்யும், ஆனால் குறைவாக. பெல்ட்டின் நீண்ட பக்கத்தை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் நாலு நூல், அதாவது அரை அங்குலம் இறங்கலாம். நாலு இறக்கையை ஆறாக்குவது பலன் தரும். ஆனால் பாரமும் பேலன்ஸும் சரியில்லாத ஃபேன் வாட்டர் பம்ப் பேரிங்கைத் தின்றுவிடும். ரிவெட்டைச் சுற்றி விரிசல் விட்ட பழைய இறக்கையை எக்காரணம் கொண்டும் மாட்டாதீர்கள்.

மின்சார ஃபேன் போடலாமே என்பார்கள். போடலாம், பேட்டரியை சார்ஜ் செய்ய பழைய வகை டைனமோ இருக்கும் வண்டியில் மட்டும் வேண்டாம். டைனமோ ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றும் சார்ஜ் செய்யாது. 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும் ஃபேன், ஊர்வலம் முடிவதற்குள் ஹெட்லைட்டோடு சேர்ந்து பேட்டரியை வற்றடித்துவிடும். டைனமோவுக்குப் பதில் ஐட்லிங்கிலும் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மாற்றிய பிறகே இந்த வேலை. ரிலே, ஃபேனுக்கென்று தனி ஃப்யூஸ், 92 டிகிரியில் போட்டு 87-ல் அணைக்கும் சுவிட்சு ஆகியவை அவசியம். ஃபேனை ரேடியேட்டருக்குப் பின்னால் பிராக்கெட்டில் மாட்டுங்கள். கோருக்குள் பிளாஸ்டிக் டை நுழைத்துக் கட்டினால் அது அதிர்ந்து அதிர்ந்து குழாயை அறுக்கும். பாசிட்டிவ் எர்த் வண்டியில் (பேட்டரியின் பாசிட்டிவ் முனையை பாடியில் இணைத்தது) ஒயரை வழக்கப்படி கொடுத்தால் மோட்டார் எதிர்ப்புறம் சுற்றும். கிரில் பக்கம் ஒரு தாளைக் காட்டுங்கள். அது கோரில் ஒட்டிக்கொண்டால் திசை சரி.

எஞ்சினே தேவைக்கு அதிகமாகச் சூட்டைக் கக்கினால் எந்த ஃபேனும் தாங்காது. டிஸ்ட்ரிபியூட்டரில், தீப்பொறிக்காகத் திறந்து மூடும் பாயின்ட்டின் ஹீல் (கேமில் உரசும் முனை) தேயத் தேய இடைவெளி குறைகிறது. அதனால் பாயின்ட் தாமதமாகத் திறந்து, டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பின்னுக்குப் போகிறது. தாமதமாக எரியும் பெட்ரோலின் சூடு எக்ஸாஸ்ட் போர்ட் வழியாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. ஃபீலர் கேஜில் பாயின்ட்டைச் சரிசெய்துவிட்டு (லூகாஸ் வகைக்கு 0.38 மி.மீ.) அதன் பிறகு டைமிங் வையுங்கள். வரிசை மாறினால் வைத்த டைமிங் கெடும்.

தண்ணீர் சூடேறும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர்ப் பழக்கம். ஊர்வலச் சூட்டுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. சூடேறிய பிறகு அது எப்படியும் திறந்துதான் இருக்கும். சந்தேகம் இருந்தால் வெந்நீர்ப் பாத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு பாருங்கள்: 82 டிகிரி வகை அந்த அளவில் அசையத் தொடங்க வேண்டும். திறக்காததை மாற்றுங்கள், திறப்பதை விட்டுவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் போர் தண்ணீர் வெந்நீர் அண்டாவில் என்ன படிய விடுகிறதோ அதையே எஞ்சின் பிளாக்குக்குள்ளும் படிய விடுகிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஏழு பங்கு, கூலன்ட் மூன்று பங்கு போதும். சரிபாதி கலக்கும் கணக்கு பனி விழும் நாட்டுக்கு; கூலன்ட் கூடினால் சூடு சுமக்கும் திறன் குறையும். 7 பவுண்டு அழுத்த மூடிக்கு வடிவமைத்த ரேடியேட்டருக்குப் புது வண்டியின் 13 பவுண்டு மூடியைப் போடாதீர்கள், பழைய ஈயப்பற்று பிட்டுக்கொள்ளும்.

ஊர்வலம் நிற்கும்போது நியூட்ரலில் எஞ்சினை 1,200 முதல் 1,500 சுற்று வரை பிடித்தால் ஃபேனும் பம்ப்பும் சேர்ந்து வேகமெடுக்கும். மண்டப வாசலில் வந்ததும் டக்கென்று அணைக்காமல் இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். அணைத்த கையோடு தண்ணீர் ஓட்டம் நின்று, சிலிண்டர் ஹெட்டில் தங்கிய சூடு முள்ளை மேலே தள்ளும். அதையும் மீறிக் கொதித்துவிட்டால் மூடியைத் தொடாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விடலாம்.

கடைசியாகப் பூ அலங்காரம் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிரில்லை மறைத்துச் செவ்வந்திச் சரத்தை நெருக்கமாகக் கட்டும் வழக்கம் பெருகிவிட்டது. மேலே சொன்ன எல்லா வேலையும் செய்த வண்டியைக்கூட அந்தத் திரை கொதிக்கவைத்துவிடும். பூவைப் பானெட்டின் மேலும் கதவுகளிலும் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டுங்கள், கிரில்லை மட்டும் திறந்து விடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் வேலை பார்ப்போர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.