காம்பவுண்டு சுவர் இல்லாத வீடு

கிளீவ்லாந்து அருகே, ஒகையோ
அக்டோபர் கடைசி வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள்.

புது வீட்டின் புகைப்படத்தைப் பார்த்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "காம்பவுண்டு சுவர் எங்கே?" என்பதுதான். அன்று தொலைபேசியில் மழுப்பிவிட்டேன். சைட் வாங்கினால் வீடு பிறகு, சுவர் முதலில் என்று பெங்களூர் அல்சூரில் வளர்ந்தவன் நான். நடுவில் எவனாவது நுழைந்து கொட்டகை போட்டுவிட்டால் அவனைக் கிளப்ப ஆயுள் போதாது என்பீர்கள். கால் ஏக்கர் மனை, நம் ஊர்க் கணக்கில் முப்பதுக்கு நாற்பது சைட் ஒன்பது. அது தெருவை நோக்கித் திறந்தே கிடப்பதைப் பார்த்து உங்களுக்குத் தூக்கம் வராதது எனக்குப் புரிகிறது.

சுவர் எழுப்பாதது சோம்பலால் அல்ல, அப்பா. எழுப்ப முடியாது. இந்த ஊர் விதிப்படி வீட்டின் முன்பக்கம் நாலடிக்கு மேல் வேலி கூடாது. அந்த நாலடியும் பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு, உள்ளே இருப்பது தெரியும்படி இருக்க வேண்டும். பின்பக்கம் மட்டும் ஆறடி. வேலியின் வழவழப்பான முகம் பக்கத்து வீட்டாருக்கு, ஆணியும் குறுக்குச் சட்டமும் தெரியும் முகம் நமக்கு. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாம் நம் பக்கம் மட்டும் பூசிவிட்டு, அடுத்த வீட்டுக்காரரை இருபது வருடம் வெறும் செங்கல்லைப் பார்க்க வைத்தோமே! மேலே கண்ணாடிச் சில்லுகளை வேறு பதித்தோம்.

நம்முடையது முனை வீடு. அங்கே முனை வீடென்றால் கூடுதல் விலை, கூடுதல் காற்று. இங்கே இரண்டு தெருக்களையும் பார்க்கும் வீட்டுக்கு இரண்டு முன்பக்கங்கள் என்று விதி. பக்கவாட்டிலும் நாலடிதான். தெருக்கள் கூடும் இடத்தில் முக்கோணமாக ஒரு துண்டில் இடுப்புயரச் செடிகூட வைக்கக் கூடாது. காரில் திரும்புகிறவர் கண்ணுக்கு நடந்துவரும் குழந்தை தெரிய வேண்டுமாம். அந்த ஒரு விதியோடு மட்டும் எனக்குச் சண்டையில்லை.

எனக்கு உயரமான வேலி வேண்டியிருந்தது திருடனுக்காக அல்ல, மானுக்காக. உங்கள் மருமகள் பக்கவாட்டில் வெயில் விழும் இடமாகப் பார்த்து அவரையும் பாகலும் போட்டாள். மான்கள் ஒரே இரவில் அவரைப் பந்தலை மொட்டையடித்துவிட்டுப் போயின. பாகலை மோந்து பார்த்து விட்டுவிட்டன. அவற்றுக்கும் சின்னவளுக்கும் ஒரே ருசி. நாலடி வேலி மானுக்கு வாசற்படி. மறுபுறம் தெரியாத ஆறடிப் பலகையென்றால் பெரும்பாலும் தாண்டத் தயங்கும் என்கிறார்கள். ஆகவே பக்கவாட்டிலும் ஆறடிக்கு விதிவிலக்கு கேட்டு, சர்வேயர் வரைபடத்தோடு மனுப் போட்டேன். சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் கடிதம் போயிற்று: இன்னார் இன்ன வேலி கேட்கிறார், ஆட்சேபணை இருந்தால் விசாரணைக்கு வரலாம் என்று. என் அவரைக்காய்க்கு ஒரு பொது விசாரணை!

விசாரணையில் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். கஷ்டம் எனக்கு இருந்தால் போதாது, நிலத்தின் அமைப்பிலேயே இருக்க வேண்டும். சரிவு, கோணல், பாறை என்று ஏதாவது. மான் வருவது நிலத்தின் குறையில்லையாம். மனு தள்ளுபடிதான் என்று நினைத்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் எழுந்தார். ஓய்வுபெற்ற செவிலியர், எழுபதைத் தாண்டியவர், குளிர்காலத்தில் நான் எழுவதற்கு முன்பே நம் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறவர். "இந்த வீட்டுத் தோட்டத்துக் காய் என் சமையலறைக்கும் வருகிறது, எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை" என்றார். கடைசியில் தெருவிலிருந்து பத்தடி உள்ளே தள்ளி ஐந்தடி என்று முடிவாயிற்று. ஐந்தடியை மான் மதிக்குமா என்பதை அடுத்த வருடம் எழுதுகிறேன்.

அதே மாலை அடுத்த மனு, நம் தெருக்கோடியில் மூடிக்கிடக்கும் நாற்றுப் பண்ணை நிலம். அங்கே வரிசை வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்கிறது. தனி வீடு மட்டுமே கட்டலாம் என்று வகுத்த நிலம் அது. வகைப்பாட்டை மாற்ற வேண்டும். கூடத்தில் இடமில்லை, அவ்வளவு கூட்டம். போக்குவரத்து கூடும் என்றார்கள், பள்ளியில் நெரிசல் என்றார்கள், தெருவின் தன்மை கெடும் என்றார்கள். ஒருவர் மட்டும் மழைநீர் எங்கே போகும் என்று வாய்க்கால் வரைபடத்தோடு கேட்டார். அதற்கு அந்த நிறுவனத்திடம் ஒழுங்கான பதில் இல்லை. பிறகு நம் செவிலியர் அம்மாள் எழுந்து, "வாடகைக்கு வருகிறவர்கள் புல்லைக்கூட வெட்டமாட்டார்கள்" என்றார்.

நாங்கள் பதினோரு வருடம் இந்த ஊரில் வாடகைக்கு இருந்தவர்கள், அப்பா. அவருக்கும் அது தெரியும். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை; நினைவுக்கு வந்திருக்காது. நான் வாயைத் திறக்கவில்லை. சற்றுமுன் எனக்காகப் பேசியவரை மறுத்து எப்படிப் பேசுவது?

இந்த வகைப்பாட்டுக்கு ஒரு கதை உண்டு. இங்கிருந்து காரில் போய்விடும் தூரத்தில் யூக்ளிட் என்று ஓர் ஊர். ஊர் தன் நிலத்தை இப்படிப் பிரிக்கலாம் என்று 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த ஊர் வழக்கில்தான். அந்தத் தீர்ப்பில் நீதிபதி சதர்லேண்ட், தனி வீடுகளுக்கு நடுவே வரும் அடுக்குமாடிக் கட்டடத்தை ஒட்டுண்ணி என்றே எழுதினார். நிறத்தைப் பார்த்து இன்னார் இந்தத் தெருவில்தான் குடியிருக்கலாம் என்று சட்டம் போடக் கூடாதென்று அதற்கு ஒன்பது வருடம் முன்பே, 1917இல், அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிறத்தைச் சொல்ல முடியாமல் போன பிறகு மனையின் அளவைச் சொல்லிக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு. சிறிய வீடு கட்டக் கூடாதென்றால் சிறிய சம்பளக்காரன் எப்படி வருவான்?

ஆனால் முழுக் கோபமும் வரவில்லை. அல்சூரில் நம் தெருவில் பழைய ஓட்டு வீட்டை இடித்து ஐந்து மாடி விடுதி கட்டினார்களே, நமக்கு யார் கடிதம் போட்டார்கள்? சுற்றி ஓரடிகூட விடாமல் எழுப்பி, நம் மொட்டை மாடி வெயிலையே எடுத்துக்கொண்டார்கள். அம்மா வடகம் பிழிவதை அந்த வருடம்தான் நிறுத்தினாள். நீங்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்து, விதிப்புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வந்தீர்கள். விதிமீறலை அபராதம் வாங்கி நேராக்கும் அக்ரம-சக்ரம திட்டத்துக்கு 2017இல் நம் நாட்டு உச்ச நீதிமன்றம் தடை போட்டபோது நீங்கள் மகிழ்ந்ததும், நம் மாடிப்படியும் வீட்டைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய செட்பேக்கில்தான் நிற்கிறது என்று அம்மா நினைவூட்டியதும் ஞாபகம் இருக்கிறதா?

வேலி வேலை அடுத்த வாரம். தோண்டும் முன், மண்ணுக்கடியில் போகும் குழாய்களையும் கம்பிகளையும் அடையாளம் காட்டச் சொல்லி 811 என்ற தொலைபேசி எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதால் சொன்னேன். ஆட்கள் வந்து எரிவாயுக் குழாய்க்கு மஞ்சள், மின்கம்பிக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம் என்று புல்லில் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரோ கோலம் போடத் தொடங்கிப் பாதியில் எழுந்துபோன மாதிரி இருக்கிறது. குளிரில் மண் உறைந்து கம்பத்தைத் தூக்கிவிடாமல் இருக்க மூன்றடிக்கு மேல் குழி தோண்டுகிறார்கள்.

நாற்றுப் பண்ணை விவகாரத்தை அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குத் தள்ளியிருக்கிறார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். இந்த முறை பெயர் கொடுத்திருக்கிறேன். அதற்கு முன்தினம் பாகற்காய் கொண்டுபோய்க் கொடுத்து, என்ன பேசப்போகிறேன் என்பதை அந்த அம்மாளிடம் நானே சொல்லிவிடலாம் என்கிறாள் உங்கள் மருமகள். எனக்கு அவ்வளவு தைரியம் வரவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? தேதிக்கு முன்பே எழுதுங்கள்.

அன்பு மகன்