அடி விழுறதுக்கு முந்தின ஃபிரேம்

அன்புள்ள குணா,

இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்பத் தேவலைன்னு சிவா சொன்னான், சந்தோஷம். பொங்கலுக்கு அப்புறம் நான் ஒரு வரிகூட எழுதலைன்னு அவன்கிட்ட மூக்கைச் சிந்தியிருக்கே. நீ மட்டும் எழுதிக் கிழிச்சியா? சரி, கணக்கு நேராப் போச்சு.

விஷயத்துக்கு வர்றேன். அடுத்த மாசம் எங்க ஏரியா சமுதாயக் கூடத்துல ஃபைட்டிங் கேம் போட்டி ஒண்ணு வைக்கறோம். சிரிக்காதே. நாப்பது தாண்டின வயசுல இது என்ன கூத்துன்னு வீட்டுல கேட்டு முடிச்சாச்சு, நீ புதுசா ஒண்ணும் கேட்டுட முடியாது. மெயின் ஆட்டம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6. ஓரமா ரெண்டு மேஜையில பழைய ஸ்ட்ரீட் ஃபைட்டர் III தேர்ட் ஸ்ட்ரைக்கும் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் (கே.ஓ.எஃப்.) 98-ம். நாம அப்ப ஆடித் திரிஞ்ச முபாரக் அண்ணன் கடை வாசனை கொஞ்சம் இருக்கட்டுமேன்னுதான். டெக்கன் ஆட்டத்து எட்டி கோர்டோவை வச்சு பட்டனைக் கண்டபடி தட்டுறவங்களுக்கு அனுமதி இல்லை. உன்னைத்தான் சொல்றேன்.

ஆடுறவங்க தானா வந்துடுவாங்க. என் கவலையெல்லாம் கூட வர்ற அப்பா அம்மா தாத்தா பாட்டியைப் பத்தித்தான். போன தடவை ஒரு அம்மா ரொம்ப நேரம் ஸ்கிரீனையே பார்த்துட்டு, "இதுல யாரு ஜெயிக்கறான்னு எப்படிப்பா தெரியும்?"னு கேட்டாங்க. அவங்க பையன் அப்ப அரையிறுதி ஆடிக்கிட்டிருக்கான்! யாருக்கு எவ்வளவு உசுரு மிச்சம்னு மேல ஓடுற ரத்தப் பட்டையைக்கூட யாரும் அவங்களுக்குக் காட்டலை. அதான் இந்தத் தடவை சுவர்ல ஏ2 அளவுல போஸ்டர் ஒட்டுறதுன்னு முடிவு. ஆட்டத்தை விளக்குற போஸ்டர். ஒவ்வொண்ணுலயும் ஒரு விஷயம், பெரிய படம், கீழ நாலு வரி. படம் எடுக்கற வேலையை நான் ஏத்துக்கிட்டேன். அதுலேருந்து தூக்கம் போச்சு.

எங்க பசங்க ரெண்டு பேர் முதல்ல ஒரு ஃபோல்டர் நிறைய படம் கொண்டுவந்தாங்க. எல்லாமே 'சூப்பர்'ங்கற பெரிய அடி. நெருப்பு, மின்னல், பெயின்ட் தெறிக்குது, மூஞ்சி க்ளோசப். பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. ஆனா எவன் அடிச்சான், எவன் வாங்கினான், ஏன் வாங்கினான், ஒண்ணும் அதுலேருந்து தெரியாது.

உனக்கு இது சட்டுன்னு புரியும். தாலி கட்டுற நொடிக்கு நீ கெட்டிமேளம் கேட்டப்புறமா கேமராவைத் தூக்குவே? மாப்பிள்ளை கை எங்க போகும், எந்த மாமா நடுவுல வந்து நிப்பார்னு முன்னாடியே பார்த்து வச்சிருப்பே. இங்கயும் அதே கதை. திரையில ஓடுற ஒவ்வொரு தனிப் படமும் ஒரு ஃபிரேம்; அடி விழுற ஃபிரேமை விட அதுக்கு முந்தின ஃபிரேம்தான் பேசுது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல டிரைவ் இம்பாக்ட்னு ஒரு அடி. பட்டனை அழுத்தினதுலேருந்து அடி வெளிய வர 26 ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம், அப்ப அரை நொடிக்கும் கொஞ்சம் கம்மி. அந்த இடைவெளியில எதிராளி ரெண்டு அடி அடிச்சாலும் இவன் தாங்கிட்டு வருவான். பார்த்துட்டவன் பதிலுக்கு அதையே அடிக்கலாம், பிடிச்சுத் தூக்கி எறியலாம், தாவியும் தப்பிக்கலாம். பார்க்காதவன் செத்தான். இதை விளக்க, சுவர்ல மோதி நசுங்குற படம் எதுக்கு? கை பின்னாடி இழுத்து நிக்குது, எதிராளி இன்னும் தன் போக்குல குத்திக்கிட்டிருக்கான். அந்த ஒரு ஃபிரேம் போதும். அந்த அம்மா அதைப் பார்த்துட்டு ஸ்கிரீனைப் பார்த்தா "ஐயோ, பின்னாடி இழுக்கறான் பாரு"ன்னு தானாக் கத்துவாங்க.

அதைவிட எனக்குப் பிடிச்சது அடி தவறினப்புறம் வர்ற ஃபிரேம். காலை நீட்டி உதைச்சான், படலை, கால் இன்னும் திரும்பி வரலை. டிரெய்னிங் மோட்ல தரையிலயும் சுவர்லயும் கட்டம் போட்ட வெத்து அறை ஒண்ணு உண்டு. பசங்க அந்தக் கட்டத்தை வெட்டி எறிஞ்சுட்டு பின்னாடி கோயில் கோபுரம் வைக்கலாம்னாங்க. கையைப் பிடிச்சு நிறுத்தினேன். எவ்வளவு தூரத்துல தவறிச்சுன்னு சொல்றதே அந்தக் கட்டம்தானே.

அடி பட்ட நொடியில ரெண்டு உருவமும் சில ஃபிரேம் அப்படியே உறைஞ்சு நிக்கும். வலி உறைக்கணும்னு வேணும்னே அப்படி வச்சிருக்காங்க. படம் எடுக்க ரொம்ப வசதி, அதனாலேயே எல்லாரும் அங்க விழுந்துடறாங்க. ஆனா கை எங்க பட்டுச்சோ சரியா அந்த இடத்தைத்தான் தீப்பொறி மறைக்கும். நமக்கு அந்த இடம்தான் வேணும்!

இனி உன் ஏரியா. பசங்க முதல்ல ஸ்ட்ரீமிங் வீடியோவை நிறுத்தி அதுலேருந்து எடுத்தாங்க. சுருக்கின வீடியோவுல வெளிச்சம் புள்ளிக்குப் புள்ளி இருக்கும், நிறம் மட்டும் நாலு புள்ளிக்கு ஒண்ணு. ஓடுறப்ப கண்ணுக்குத் தெரியாது. நிறுத்திப் பெரிசு பண்ணினா சிவப்பு உடுப்பு ஓரமெல்லாம் கசியும். இப்ப பி.சி.யிலயே ஆட்டத்தை 4கே-ல ஓட்டி, அசைவுல வர்ற மங்கலை, அதான் மோஷன் பிளரை அணைச்சு, திரையைப் பதிவு பண்ற ஓ.பி.எஸ்.ல நிற வடிவத்தை என்.வி.12-லேருந்து எல்லாப் புள்ளிக்கும் நிறம் வைக்கற ஐ444-க்கு மாத்தி, எதையும் இழக்காம லாஸ்லெஸ்ஸா பதிவு பண்றேன். அப்புறம் வி.எல்.சி. பிளேயர்ல 'இ' பட்டனைத் தட்டித் தட்டி ஒரு ஒரு ஃபிரேமா நகர்த்தறது. ஹார்ட் டிஸ்க் அலறுது, அலறட்டும். ஏ2-ல படத்தோட அகலம் 40 சென்டிமீட்டர் வருது. 1920 புள்ளி அகலமுள்ள படத்தை அதுல விரிச்சா இஞ்சுக்கு 122 புள்ளிதான். 3840-னா 244. சுவர்ல தள்ளி நின்னு பார்க்கறதுக்கு இது தாராளம்னு நினைக்கறேன், நீ சொல்லு. ஒருத்தன் நின்டெண்டோ ஸ்விட்ச்லேருந்து ஏதோ படம் எடுத்து நீட்டினான். அது 1280-க்கு 720, அதுவும் சுருக்கின ஜேபெக். வணக்கம் போட்டு அனுப்பிட்டேன்.

பழைய ஆட்டம் பக்கம் வந்தா கூத்து வேற மாதிரி. தேர்ட் ஸ்ட்ரைக் வந்தது 1999-ல. அதோட படம் மொத்தமே 384-க்கு 224 புள்ளி. பழைய ஆட்டத்தை பி.சி.யில ஓட வைக்கற மேம் எமுலேட்டர்ல 'பி' தட்டினா ஆட்டம் நிக்கும், ஷிஃப்டோட 'பி' தட்டினா ஒரு ஃபிரேம் நகரும், எஃப்12 தட்டினா அந்த 384-க்கு 224 அப்படியே படமா விழும். துல்லியமான படம்தான். ஆனா திறந்து பார்த்தா, ஆட்டத்துல வர்ற சுன்-லீங்கற பொண்ணு ஒரு சுத்து பெருத்திருக்கா. ஏன்னா அந்தக் காலத்து மானிட்டர் 4-க்கு 3. அந்தப் புள்ளிகள் சதுரமே இல்லை, நிக்கற செவ்வகம். அப்படியே ஒட்டினா எல்லாரும் கால்வாசிக்கும் மேல அகலமாயிடுவாங்க. இழுத்துச் சரி பண்ணினா புள்ளி ஒண்ணு பெரிசு ஒண்ணு சிறிசுன்னு ஆகி மூஞ்சி கோணும். பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். குறுக்கே 7 மடங்கு, நெடுக்கே 9 மடங்கு. 2688-க்கு 2016. அச்சு அசலா 4-க்கு 3! பிசிறு இல்லை, மங்கல் இல்லை, ஒவ்வொரு புள்ளியும் கத்தியில வெட்டின மாதிரி. ராத்திரி பன்னெண்டு மணிக்கு வீட்டுக்காரியை எழுப்பிக் காட்டினேன். அவ சொன்னதை இங்க எழுத முடியாது.

கே.ஓ.எஃப். இன்னும் வேடிக்கை. அது ஓடுற நியோ ஜியோ மெஷினுக்கு ஒளி ஊடுருவற மாதிரி வரையத் தெரியாது. அதனால நிழலை ஒரு ஃபிரேம் விட்டு ஒரு ஃபிரேம் வரைவாங்க. பழைய டியூப் திரையில நம்ம கண்ணு ரெண்டையும் கலந்து மெல்லிசா ஒரு நிழல்னு எடுத்துக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தா ஒண்ணு கரி மாதிரி நிழல், இல்லே நிழலே கிடையாது, ஆளு அந்தரத்துல தொங்குவான். அடுத்தடுத்த ரெண்டு ஃபிரேமை எடுத்து மேல உள்ளதை பாதி ஒப்பாசிட்டியில வச்சுட்டா சரியாயிடும். உருவம் அசையாத நொடியாப் பார்த்து எடுக்கணும், அவ்வளவுதான்.

நடுச்சுவருக்கு என்னன்னு நீயே யூகிச்சிருப்பே. 2004, கலிஃபோர்னியாவுல பொமோனா, எவோங்கற ஃபைட்டிங் கேம் போட்டி, தேர்ட் ஸ்ட்ரைக். டைகோ உமேஹாரா ஆடினது கென், ஜஸ்டின் வோங் ஆடினது சுன்-லீ. கென்னுக்கு உசுரு ஒரு நூல். தடுத்தாலும் துளி ரத்தம் போகும், அந்தத் துளிகூட இல்லை. சுன்-லீ சூப்பரை விடறா, 15 உதை. டைகோ ஒவ்வொரு உதைக்கும் பின்வாங்காம முன்னால தட்டி, பதினஞ்சையும் பாரி பண்ணி, அதாவது துளி ரத்தமும் போகாமத் தட்டி விட்டு, கடைசியை எகிறி அந்தரத்துல வாங்கி, திருப்பி அடிச்சு முடிச்சான். அந்தக் கோப்பை கடைசியில அவனுக்குக் கிடைக்கலைங்கறது வேற. அப்ப எடுத்த வீடியோவை அச்சடிச்சா வெறும் புகைதான் தெரியும். அதனால அந்தக் காட்சியை எமுலேட்டர்லயே திரும்ப ஆடி அமைச்சுக்கிட்டிருக்கோம். மூணு படம்: கால் நெருங்குது, கென் நீலமா மின்னுறான், அந்தரத்துல கடைசி உதை. மேல இருக்கற ரத்தப் பட்டையை மட்டும் வெட்டக்கூடாது. பசங்க "சுத்தமா இருக்கட்டுமே சார்"ங்கறாங்க. அந்த நூல் தெரியலைன்னா மீதி எல்லாம் வெறும் குத்தாட்டம்.

குணா, இன்னொண்ணு. நீ ஸ்டுடியோவைக் காலி பண்ணப் போறதா சிவா வாய் தவறிச் சொல்லிட்டான். அவனைத் திட்டாதே. போன்லயே எல்லாம் முடிஞ்சிடுது, ஆல்பம் போடறவனே இல்லைன்னு நீ சொன்னது எனக்கும் தெரியும், அதை மறுத்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை, என் வீட்டுப் படமெல்லாமே போன்லதான் கிடக்கு. ஆனா பிரிண்டரை விக்கறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை பேசு. கடன் எவ்வளவு, யாருக்குன்னு எழுது. நீ யார்கிட்டயும் கேக்க மாட்டே, முபாரக் அண்ணன் கடையிலயே அஞ்சு ரூபா கடன் சொல்லக் கூச்சப்பட்டு வெளிய நின்னவன் நீ. இந்த வயசுலயும் அப்படியே நிக்காதே.

போஸ்டர் வேலை உனக்குத்தான். இது இரக்கத்துல கொடுக்கறது இல்லை. இங்க ஒரு கடையில மாதிரி போட்டுப் பார்த்தேன், ஸ்கிரீன்ல பளிச்னு இருந்த நீலம் ஊதாவா வந்து விழுந்துச்சு. அச்சு மையோட நாலு நிறக் கணக்கு, சி.எம்.ஒய்.கே.ன்னு சொன்னா "எல்லாம் அப்படித்தான் சார் வரும்"ங்கறான். கென் மின்னுற நீலம் ஊதாவாச்சுன்னா அந்தச் சுவரே வேஸ்ட். நீ இருந்தா நீலத்துல கொஞ்சம் மஜென்டா குறைச்சு, பக்கத்து நிறத்தை அடக்கி, ஏதாவது வித்தை பண்ணுவே. மேட் பேப்பர் போடு, கூடத்துல டியூப் லைட் நேரா அடிக்கும். ஃபைலெல்லாம் பி.என்.ஜி., வெள்ளிக்கிழமை அனுப்பறேன். பழைய ஆட்டத்துப் படங்களை அளவு மாத்தறதா இருந்தா புள்ளியை அப்படியே பெரிசாக்கற நியரஸ்ட் நெய்பர் மட்டும், ஓரத்தை மங்கலாக்கற பைகியூபிக் பக்கமே போகாதே. முதல்ல ஏ4-ல ஒரு புரூஃப் போட்டு கொரியர்ல அனுப்பு. காசு வேணாம்னு வசனம் பேசினா வேலையை அந்த ஊதாக்காரன்கிட்டயே கொடுத்துடுவேன்.

போட்டி அன்னிக்கு சிவாவோட வந்துடு, ஸ்ட்ரீட் ஃபைட்டர்ல கை நீளுற யோகி பேரை வச்சு நாம கூப்பிடற தால்சிம் வாத்தியாரையும் கூட்டிட்டு வா. ஆனா அவர் வண்டியில மட்டும் ஏறாதே, பஸ்ஸுல வா.

உன்,
பாஸ்கர்